ஐந்நூற்று அறுபது என்று எழுதியிருந்த வண்டி

எங்கள் பட்டறையில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நம்பரக்கா என்பார்கள். விலை உயர்ந்த கார்களை மட்டும் பழுது பார்க்கும் இடம் இது. உதிரி பாகக் கவுன்டரில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாலே என்ன இன்ஜின், எந்த வருடம் என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அதில் ஒரு காலத்தில் பெருமை இருந்தது. இப்போது முழங்கால் வலிதான் மிச்சம்.

நான் சேர்ந்த புதிதில் வண்டியின் பின்னால் ஒட்டியிருக்கிற இந்த எண்களுக்குக் கொஞ்சம் நாணயம் இருந்தது. முதல் எண் வண்டியின் உடம்பு. மூன்று என்றால் சின்னது, ஐந்து என்றால் நடுத்தரம், ஏழு என்றால் முதலாளி பின்சீட்டில் சாய்ந்துகொண்டு பேப்பர் படிக்கிற வண்டி. அடுத்த இரண்டும் இன்ஜினின் அளவு. இருபது என்றால் இரண்டு லிட்டர், முப்பது என்றால் மூன்று. பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். ஒரு வருடம் இரண்டு லிட்டர் இன்ஜினுக்கு டர்போ வைத்து முப்பது என்று எழுதி அனுப்பினார்கள். கேட்டதற்கு, முப்பது மாதிரி இழுக்கும் என்றார்கள். 'மாதிரி' என்ற சொல் உள்ளே நுழைந்த பிறகு கேட்பார் யார்? அப்புறம் எழுத்துகள் வந்தன. ஒரு கம்பெனியில் 'இ' என்றால் கரண்ட்டில் ஓடுவது, இன்னொரு கம்பெனியில் அதே 'இ' வண்டியின் அளவு. கடைசியில் இன்ஜினே இல்லாத வண்டிக்கும் ஐம்பது என்று எண் போட்டார்கள். எதில் ஐம்பது என்று பயிற்சி கொடுக்க வந்தவரைக் கேட்டேன். டீ வந்துவிட்டது என்று எழுந்து போய்விட்டார்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கவுன்டருக்கு மேலே நானே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: பின்னால் ஒட்டியிருப்பதை நம்பாதே, சேசிஸ் நம்பரைப் பார். முன் கண்ணாடியின் கீழ் மூலையில் பதினேழு எழுத்தும் எண்ணுமாக இருக்கும் அது. வண்டி பிறக்கும்போதே வைத்த பெயர். அதை யாரும் மாற்ற முடியாது. மெக்கானிக் அதைச் சீட்டில் எழுதித் தர வேண்டும், நான் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துச் சாமான் எடுத்துத் தர வேண்டும். அதுதான் இங்கே வழக்கம்.

என் தம்பி இங்கே மெக்கானிக். நான்தான் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டேன். அதற்கு முன் எந்த இடத்திலும் அவன் ஆறு மாதம் தாண்டியதில்லை. கை நல்ல கை, கவனம்தான் கிடையாது. இங்கேயும் வந்த வருடத்திலேயே இரண்டு நோட்டீஸ் வாங்கினான். ஒரு முறை ஆயில் மூடியைப் போட மறந்தான், இன்னொரு முறை சக்கரத்து போல்ட்டை முறுக்காமல் விட்டான். இரண்டு முறையும் நான் மேனேஜர் அறைக்கு ஓடி, தப்பு என்னுடையது, நான்தான் தவறான சாமானைக் கொடுத்தேன் என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை. மூன்றாவது நோட்டீஸ் வந்தால் வீட்டுக்குத்தான் என்று சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு பதினாலு மாதம் ஓடிவிட்டது. தம்பி நேரத்துக்கு வந்தான், வாயைத் திறக்காமல் வேலை செய்தான். அவன் மனைவி என்னைப் பார்த்தால் சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

திங்கட்கிழமை ஒரு கறுப்பு வண்டி வந்தது. முன்பக்க ஸ்பிரிங் இரண்டும் மாற்ற வேண்டும். அன்றைக்கு அது பதினோராவது வண்டி. தம்பி சீட்டைக் கவுன்டரில் வைத்துவிட்டுத் தயங்கி நின்றான்.

"அக்கா, இன்ஜின் சத்தம் சின்னதா இருக்கு. எதுக்கும் ஒரு தடவ பாத்துக்கோயேன்."

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை எரிச்சல் வந்ததோ. இரண்டு நோட்டீஸ் வாங்கியவன் எனக்கு எண் சொல்லிக் கொடுக்க வந்துவிட்டானா என்று நினைத்தேன். கவுன்டர் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். லிஃப்டில் ஏறி நின்ற வண்டியின் பின்னால் 560 என்று பளபளவென்று இருந்தது.

"நம்பர் பாக்க எனக்குத் தெரியும். நீ உன் வேலையப் பாரு," என்றேன்.

மாடல் என்ற கட்டத்தில் 560 என்று கிறுக்கி, சீட்டைக் கம்பியில் குத்திவிட்டு, அந்தப் பெரிய இன்ஜினுக்கான ஸ்பிரிங்கை எடுத்துக் கொடுத்தேன். கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை.

புதன்கிழமை காலையில் வண்டி திரும்பி வந்தது. வாசலில் நின்ற தோரணையைப் பார்த்ததுமே ஸ்பிரிங் தவறு என்று தெரிந்துவிட்டது. பெரிய இன்ஜினின் பாரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங்கைச் சின்ன இன்ஜின் வண்டிக்குப் போட்டால் என்ன ஆகும்? முன்பக்கம் அமுங்காது. வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி வானத்தைப் பார்த்து நின்றது. ஓடிப்போய் முன் கண்ணாடியின் மூலையைப் பார்த்தேன். திரும்பி வந்து கம்ப்யூட்டரில் போட்டேன். 520. இரண்டு லிட்டர்.

வண்டிக்காரர் மனைவியையும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர்களைக் காத்திருக்கும் அறையில் உட்காரவைத்துவிட்டு அவர் மட்டும் கவுன்டருக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும், நன்றாக உடுத்தியிருந்தார். என்னைப் பார்க்காமல், நான் எழுதி ஒட்டியிருந்ததையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"மேடம், பின்னாடி இருக்கிற நம்பர் நான் ஒட்டினது. என் மச்சினன் போன வருஷம் 540 வாங்கினான். வீட்டுல இது அறுபதுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். மாமனார் கூட வந்திருக்காரு. அவருக்கு முன்னாடி மட்டும் அதச் சொல்லிடாதீங்க."

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அந்த மனிதர் நாற்பதைத் தாண்ட அறுபது ஒட்டியிருக்கிறார், நாளைக்கு மச்சினன் எழுபது ஒட்டினால் இவர் எங்கே போவார் என்று அலுப்புதான் வந்தது. சரி என்று தலையாட்டினேன்.

அதற்குள் மேனேஜர் தம்பியைக் கூப்பிட்டுவிட்டார். நானும் பின்னாலேயே போனேன். மேசையில் வேலை அட்டை இருந்தது. 'சேசிஸ் நம்பர் சரிபார்த்தேன்' என்ற வரிக்குக் கீழே தம்பியின் கையெழுத்து. பக்கத்தில் மூன்றாவது நோட்டீஸ், தேதி போட்டுத் தயாராக. மாமனாரும் உள்ளே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார், நியாயம் கேட்க வந்தவர் போல.

நான் சொன்னேன். சார், தப்பு என்னுடையது. அவன் சந்தேகப்பட்டுக் கேட்டான், நான் அதட்டி அனுப்பிவிட்டேன். சேசிஸ் நம்பரைப் பார்க்காமல் சாமான் எடுத்துக் கொடுத்தது நான்தான்.

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். சலித்துப்போன முகம்.

"மூணாவது தடவையும் அதே பாட்டா, அக்கா? நீங்க நம்பர் பாக்காம சாமான் கொடுத்தீங்கன்னா நான் நம்பணுமா? தம்பிங்கிற பாசத்துல எத்தன தடவ இவன் பழிய நீங்க சுமப்பீங்க?"

பொய் சொன்ன இரண்டு முறையும் எனக்கு இத்தனை வலிக்கவில்லை. உண்மையைச் சொல்லும்போது நம்ப ஆளில்லாமல் நான்தான் செய்து வைத்திருக்கிறேன். மேனேஜர் தம்பியைப் பார்த்து, அக்கா சொல்வது உண்மையா என்று கேட்டார்.

"இல்ல சார். நான் அக்காகிட்ட எதுவும் கேக்கல," என்றான் தம்பி. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நோட்டீஸை வாங்கக் கையை நீட்டினான்.

எனக்குப் பொறுக்கவில்லை. கவுன்டருக்கு ஓடினேன், முழங்கால் வலியோடு. கம்பியில் குத்தியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவினேன். மாடல் கட்டத்தில் இருப்பது என் கையெழுத்து, அதையாவது காட்டலாம் என்றுதான் போனேன். திங்கட்கிழமைச் சீட்டு கைக்கு வந்தது. அதில் என் கிறுக்கலுக்கு மேலே, நான் அன்றைக்குக் கண்ணெடுத்தும் பார்க்காத கட்டத்தில், பதினேழும் இருந்தன. தம்பியின் கோணல் எழுத்தில், ஒன்றுகூட விடாமல். எட்டையும் பி எழுத்தையும் நான் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று எட்டுக்குக் கீழே ஒரு கோடுகூடப் போட்டிருந்தான். அப்படியென்றால் அட்டையில் போட்ட கையெழுத்து பொய்யில்லை. அவன் சரிபார்த்திருக்கிறான், எழுதிக் கொடுத்திருக்கிறான், வாயாலும் சொல்லியிருக்கிறான். அவனை நம்பாததற்கு எனக்கு இருந்த ஒரே காரணம் அவன் மேல் நானே ஒட்டி வைத்திருந்த எண்தான். அங்கேயே நின்று அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

சீட்டை மேனேஜர் மேசையில் வைத்தேன். அவர் அதை அட்டைக்குப் பக்கத்தில் வைத்து, கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப இது 520. சீட்டுலயே சேசிஸ் நம்பர் இருந்தும் எப்படி 560ன்னு எழுதினீங்க? எதப் பாத்து எழுதினீங்க?"

மாமனார் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கதவருகே வண்டிக்காரர் வெளுத்துப்போய் நின்றார். அவரது மாமனார் காதில் 520 விழுந்ததே போதும், மீதியை அவர் வீட்டில் சமாளித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். வண்டியின் பின்னால் எழுதியிருந்ததைச் சொன்னால் பாதிப் பழி அவர் பக்கம் போய்விடும். போய்விட்டால் என் பங்கு குறையும். ஆனால் என்னை யாரும் அந்த எண்ணைப் படிக்கச் சொல்லவில்லையே. படிக்காதே என்று எழுதி ஒட்டியவளே நான்தான்.

"எதையும் பாக்கல சார். அலுத்துப் போச்சு," என்றேன்.

மேனேஜர் மூன்றாவது நோட்டீஸில் தம்பியின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். மூன்று என்பதையும் அடித்து ஒன்று என்று போட்டார். என் முழுப் பெயர் அவருக்குத் தெரிந்திருந்ததே எனக்கு ஆச்சரியம்தான்.

மத்தியானம் வண்டி மறுபடியும் லிஃப்டில் ஏறியது. அது ஏறுகிற வரைக்கும் வண்டிக்காரர் பின்பக்கம் குனிந்து, துடைப்பது மாதிரி அந்த 560ஐக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். தம்பி புதுச் சீட்டை எடுத்துக்கொண்டு கவுன்டருக்கு வந்தான். நான் சீட்டை வாங்கவில்லை. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக்கொண்டு என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன்.

"நீ படி," என்றேன். "நான் போடுறேன்."

அவன் ஒவ்வொன்றாகப் படித்தான். எட்டு வந்ததும் நிறுத்தி, எட்டுதான் அக்கா, பி இல்லை என்றான். சரிடா என்றேன். பதினேழும் முடிகிற வரைக்கும் நான் குறுக்கே பேசவில்லை.