வரப்பில் நின்ற நீர்

வெள்ளிக்கிழமை காலை. ரொட்டிக்கடை வரிசை ட்ராம் நிறுத்தம்வரை நீண்டிருந்தது. கல்லாவில் நின்று ஓய்வுநாளுக்கான பின்னல் ரொட்டிகளைப் பையில் போட்டு விற்றுக்கொண்டிருந்த ஹின்டா, வரிசையில் ரோசலினைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். ரோசலினின் அம்மா ப்ளூமா இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ப்ளூமாவைக் கடைசியாகக் குளிப்பாட்டிய பெண்களில் ஹின்டாவும் ஒருத்தி.

இறந்த யூதப் பெண்களைக் கழுவி, வெள்ளை உடுத்தி அனுப்பும் அந்தச் சிறு சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே பார்த்தது வெளியே வரக்கூடாது, நல்லதோ கெட்டதோ. எல்லாம் முடிந்தபின் இறந்தவளைப் பேர் சொல்லி அழைத்து, ஏதாவது குறை வைத்திருந்தால் மன்னித்துவிடு என்று கேட்பார்கள். அன்று ஹின்டாவும் கேட்டாள். வீட்டுக்கு வந்தபின்னும் உள்ளே பார்த்ததை அவளால் மறக்க முடியவில்லை. ஒரு வாரம் தவித்து, கவிதையாக எழுதிய பிறகுதான் மூச்சு சீரானது. அது ஜெபக்கூடத்து மாத இதழில் ஹின்டாவின் பேரோடு வந்திருந்தது. இருபது வருடமாக எழுதுகிறாள். அச்சில் வந்தது இதுதான் முதல்.

*நான் ஊற்றிய நீர் நேராக இறங்கவில்லை.*
*அவள் முதுகில் வரப்பு வரப்பாக*
*நின்று நின்று போனது.*

சங்கத்தை நடத்தும் ஃப்ரூமா நேற்றே வீட்டுக்கு வந்துவிட்டாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அவ பேர எங்கயும் போடலையே ஃப்ரூமா," என்றாள் ஹின்டா.

"முதுகுத் தழும்பப் போட்டிருக்கியே. அது போதாதா? ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அவகிட்ட மன்னிப்புக் கேட்டப்பவே மனசுக்குள்ள வரி ஓடிட்டு இருந்துச்சா?"

ஹின்டா மேசைமேல் கிடந்த இதழை மூடினாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது. தான் எழுதியதில் அதுவே நல்ல கவிதை என்பதும் அவளுக்குத் தெரியும். அதுதான் அவளை அதிகம் அரித்தது.

"இனிமே உன்னக் கூப்பிட மாட்டேன்," என்று சொல்லிவிட்டு ஃப்ரூமா போய்விட்டாள்.

இப்போது ரோசலின் கல்லாவுக்கு முன்னால் நின்றாள். "கசகசா போட்டது ரெண்டு. ஹின்டா, உங்க கவிதைய வெட்டி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கேன். யாரு பெத்த பொண்ணோ, பாவம். எங்க அம்மாவுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்ல. உலகப் போர் முழுக்கப் பண்ணைல மாடு மேச்சுக்கிட்டு இருந்தாங்க. பாலும் வெண்ணெயுமா இருந்தோம்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"ம்," என்றாள் ஹின்டா.

"கல்லறைல கல்லு வைக்கிற அன்னிக்கு அம்மாவுக்கு ஒரு கவிதை எழுதித் தருவீங்களா? சந்தோஷமா. அந்தப் பண்ணை, மாடு எல்லாம் வச்சு."

மாட்டேன் என்றால் ஏன் என்பாள். சரி என்றால், அந்த முதுகின் மேலேயே புல்லையும் மாடுகளையும் வரைய வேண்டும். ஒருமுறை வாயைத் திறந்து கெடுத்தாயிற்று. இப்போது பொய்யால் மூடவேண்டும். ஹின்டா ரொட்டியைப் பையில் போட்டாள். பை கிழிந்தது. வேறு பை எடுத்தாள்.

"யம்மா, பேச்ச வீட்ல வச்சுக்கங்க, வண்டி வந்துரும்," என்று பின்னாலிருந்து ஒருவர் முனகினார்.

"இருங்க, ஒங்க ரொட்டி எங்கயும் ஓடிராது," என்றாள் ரோசலின். பிறகு சிரித்தபடியே, "கடலப் பத்தி மட்டும் எழுதிறாதீங்க. அம்மாவுக்கு ஆகாது. செயின்ட் கில்டா கடற்கரை எங்க வீட்லேர்ந்து நடக்கிற தூரம். சின்ன வயசுல நாங்கல்லாம் தண்ணீல கெடப்போம், அம்மா மணல்ல கழுத்துவரைக்கும் பட்டன் போட்டு உக்காந்திருப்பாங்க. ஆஸ்பத்திரிலகூட நர்ஸம்மாவ முதுகு தேய்க்க விட..."

சிரிப்பு மட்டும் முகத்தில் போகத் தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்தது.

"ஹின்டா. அம்மாவக் குளிப்பாட்டினது யாரு?"

"அத நாங்க சொல்றதில்ல ரோசலின்."

ஹின்டா பையை நீட்டினாள். ரோசலின் வாங்கவில்லை. அவளுடைய வலது கை மெல்ல உயர்ந்து, தோளுக்கு மேலாகப் போய், கோட்டின்மீது தன் முதுகில் எட்டியவரை இறங்கி, எட்டாத இடத்துக்கு முன்னால் விரல்களை விரித்தபடி நின்றது.