இருபது விநாடி

டாக்டர் ராஜராஜேஸ்வரியின் போன் வந்தபோது பேச்சிராஜா ஒரு தறிக்கூடத்தில் சென்சார் மாட்டிக்கொண்டிருந்தான். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் வெளியே வந்தான். மூன்றாம் தொட்டில் குழந்தை இறந்துவிட்டது என்றார் டாக்டர். மெஷின் சத்தம் போட்டதா என்று கேட்டான் அவன். அவன் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"தெரியல. நீங்க வந்து பாருங்க," என்றார் அவர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தறித் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வந்த இடத்தில் டாக்டர் அவனுடைய சென்சாரைப் பார்த்தார். நூல் அறுந்தால் தறியை நிறுத்திவிடும் கருவி. அதேபோல மூச்சு நின்றால் சத்தம் போட ஒன்று செய்ய முடியுமா என்று அங்கேயே கேட்டார். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் சில நேரம் மூச்சு விட மறந்துவிடும். உள்ளங்காலில் லேசாகத் தட்டினால் போதும், பெரும்பாலும் மறுபடி மூச்சு வந்துவிடும். ஆனால் யாராவது பார்த்தாக வேண்டும். அவருடைய வார்டில் ஆறு தொட்டில், ஒரு நர்ஸ், இரண்டே பெரிய மானிட்டர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து இருவரும் அதைச் செய்தார்கள். குழந்தை எப்படி மூச்சு விடும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். வயிற்றில் சுற்றும் பட்டையில் அந்த அசைவை எப்படிப் பிடிப்பது என்று அவன் கண்டுபிடித்தான். இருபது விநாடி அசைவில்லையென்றால் விளக்கு எரியும், சத்தம் வரும். மதுரையில் இருந்த நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, நான்கு மாதமாக வார்டில் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சிராஜா ஆஸ்பத்திரிக்கு வந்ததும் டாக்டர் அறையில் லேப்டாப்பைத் திறந்து கருவியின் பதிவை எடுத்தான். மதியம் 2.17க்கு மூச்சு நின்றிருந்தது. இருபதாவது விநாடியில் விளக்கு எரிந்திருந்தது. சத்தம் வரவில்லை, காலை 11.05க்கே அதை யாரோ அணைத்திருந்தார்கள். 2.26க்குப் பால் கொடுக்க வந்த தாய்தான் குழந்தையைப் பார்த்திருக்கிறாள் என்றார் டாக்டர். அதே பதிவில் இன்னொன்றும் இருந்தது. காலை ஆறு மணியிலிருந்து 11.05 வரை மூன்றாம் தொட்டிலில் மட்டும் நாற்பத்து மூன்று முறை சத்தம் வந்திருக்கிறது. வார்டுக் குறிப்பின்படி ஒருமுறைகூட மூச்சு நின்றிருக்கவில்லை.

ஆஸ்பத்திரி நிர்வாகி வந்து எட்டிப் பார்த்தார். மெஷின் வேலை செய்திருக்கிறது, நர்ஸ் அணைத்துவிட்டாள், அப்படியே எழுதிக் கொடுங்கள் என்றார். தன் மேல் தப்பில்லை என்று கேட்டால் மனம் லேசாகும் என்று பேச்சிராஜா நினைத்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை. காது அடைத்த மாதிரி இருந்தது.

நர்ஸ் இசக்கிசெல்வி மருந்து அறையில் நின்றிருந்தாள். அவள் அழவில்லை.

"நாந்தான் அமத்துனேன்," என்றாள். "ஒரு பிள்ளைக்கு விக்கல் எடுத்தா பட்டை நழுவி அடிக்கும். அந்தச் சத்தத்துல பக்கத்துப் பிள்ளை முழிச்சு அழும், பட்டை நகரும், அதுவும் அடிக்கும். ரெண்டாம் மாசமே டாக்டர்ட்ட சொன்னேன். நீங்க ஒரு நாளாச்சும் இங்கன ஒரு ஷிஃப்ட் நின்னு பாத்தீயளா சார்?"

அவன் நின்று பார்த்ததில்லை. டாக்டர் அதைப் போனில் சொன்னபோது, மூச்சு நிற்பதைக் கண்டுபிடிக்காமல் விடுவதைவிடப் பொய்யாக அடிப்பது நல்லது என்று பதில் சொல்லியிருந்தான். டாக்டரும் சரி என்றிருந்தார். தறிக்கூடங்களில் அடிக்கடி நிறுத்தும் சென்சாரில் அது வேலை செய்யாதபடி ஆட்கள் தீக்குச்சியைச் செருகிவிட்டு வேலை பார்ப்பதை அவன் எத்தனையோ முறை பார்த்துச் சிரித்திருக்கிறான். அது இப்போதுதான் ஞாபகம் வந்தது. பொத்தானை ஐந்து விநாடி அழுத்தினால் சத்தம் முழுவதும் நின்றுவிடும். தான் சோதித்துப் பார்க்க வசதியாக அவனே வைத்தது. வார்டுக்குக் கொடுக்கும்போது எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

மறுநாள் குழந்தையின் தாய் பூமாரியும் அவள் கணவனும் காகிதங்கள் வாங்க ராயகிரியிலிருந்து வந்தார்கள். டாக்டர் அவர்களை உட்காரவைத்து நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். கருவி செய்தவர் இவர்தான் என்று பேச்சிராஜாவையும் காட்டினார். பூமாரி அவனைப் பார்த்தாள்.

"என் பிள்ளைக்கு அது அடிச்சுதா, அடிக்கலையா?"

"லைட் எரிஞ்சுதும்மா. சத்தம் வரல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கணவன் ஏதோ கேட்க வாயெடுத்தான். அவள் எழுந்துவிட்டதால் அவனும் எழுந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பேச்சிராஜா நினைத்தான். அந்த நினைப்புகூட வேறு யாருடையதோ போலத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் நெறிமுறைக் குழுவுக்கு அறிக்கை எழுதினான். நாற்பத்து மூன்று பொய்ச் சத்தம், எடுக்காமல் விட்ட பொத்தான், வார்டை வந்து பார்க்காதது. டாக்டர் நிதானமாகப் படித்தார்.

"இத அனுப்புனா எல்லாம் நின்னுரும், ராஜா."

"நிக்கட்டும் டாக்டர்."

அவர் பேனாவை வாங்கினார். நர்ஸ் இரண்டாம் மாதமே தன்னிடம் புகார் சொன்னதாகவும், தான் அதைக் குழுவுக்குத் தெரிவிக்கவில்லை என்றும் கீழே எழுதி, கையெழுத்துப் போட்டார்.

சோதனை நின்றது. இசக்கிசெல்வியை வேலையை விட்டு எடுக்கவில்லை. டோக்கன் கொடுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். ஒரு மாதம் இருந்துவிட்டு அவளாகவே தென்காசிப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டாள். பேச்சிராஜா தறிகளுக்குச் சென்சார் மாட்டிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினான். அப்படித் தூக்கம் வருவதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

நான்கு மாதம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். கருவி எதுவும் வேண்டாம், வார்டில் வந்து உட்காருங்கள், அது போதும் என்றார். அவன் காலை எட்டு மணிக்குப் போய்க் கைகழுவி, கவுன் போட்டு, சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்தான். எந்தக் குழந்தை எப்போது உதைக்கிறது, எப்போது விக்குகிறது, எப்போது தாய் எடுக்கிறாள் என்று நோட்டில் எழுதினான். இரண்டு மணிக்கு எழுந்து போனான். மறுநாளும் வந்தான்.

ஒன்பதாம் நாள் பெரிய மானிட்டர் போட்டிருந்த குழந்தைக்கு மூச்சு நின்றது. மானிட்டர் கத்தியது. புது நர்ஸ் நஸ்ரின் பானு நாலே எட்டில் வந்து உள்ளங்காலில் தட்டினாள். குழந்தை முகத்தைச் சுளித்து மூச்சை இழுத்தது. அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு அடுத்த தொட்டிலுக்குப் போனாள்.

பேச்சிராஜா தனக்குள் ஏதாவது வரும் என்று சிறிது நேரம் காத்திருந்தான். வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, 11.42 என்று எழுதினான். அவள் நடந்து வர எத்தனை விநாடி ஆனது என்று பக்கத்தில் குறித்தான். ஐந்தாம் தொட்டிலில் ஒரு குழந்தை உதைக்க ஆரம்பித்தது, அதையும் எழுதினான்.