வேலிக்குக் கேட்ட திட்டு

மைக்கேல்ராஜ் வேலையை விட்டுவிட்டான் என்று தொழிற்சாலை கேட்டில் டைம்கீப்பர் சொன்னபோது கஸ்தூரிரங்கனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "யாருக்குய்யா காது குத்தறே?" என்றார். டைம்கீப்பர் சிரிக்கவில்லை. நேற்று சாயங்காலமே கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டான் என்றான்.

கஸ்தூரிரங்கன் மாதக்கணக்கில் கெஞ்சிக் கூத்தாடி, அன்று காலையில்தான் ஒர்க்ஸ் மேனேஜரைத் தலையாட்ட வைத்திருந்தார். மைக்கேல்ராஜின் தற்காலிக வேலை இனி பர்மனென்ட். அதைச் சொல்லத்தான் அவனைத் தேடிக்கொண்டு ஓடி வந்திருந்தார்.

அவர் அந்த விளக்குத் தொழிற்சாலையில் நலப்பிரிவு அதிகாரி, அதோடு கூடைப்பந்து அணியின் மேனேஜர். ஐம்பதுகளின் கடைசி. பெங்களூரில் மில்லுக்கு மில் ஒரு அணி வைத்துக்கொண்டு, நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை கொடுத்து இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. நெட்டையானவனையும் குறி தவறாமல் கூடையில் போடுகிறவனையும் பெரிய கம்பெனிகள் கொத்திக்கொண்டு போய்விடும். கழித்துக் கட்டியதில் பொறுக்குவதுதான் இவர் பாடு. அதில் அவருக்குத் தனிக் கண் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஊரே பந்தைப் பார்க்கும். இவர் கையில் பந்து இல்லாதவனைப் பார்ப்பார்.

மைக்கேல்ராஜை அப்படித்தான் கண்டுபிடித்தார். ஸ்ரீராம்புரத்தில் சர்ச்சுக்குப் பின்னால், செம்மண் தரையில் ஆடிக்கொண்டிருந்தான். குள்ளம். கூடையில் போடச் சொன்னால் பந்து எங்கேயோ போகும். யாரும் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் போய் நின்று பார்த்த கஸ்தூரிரங்கனுக்கு ஒன்று பிடிபட்டது. ஆட்களை எப்படி மாற்றிப் பிரித்தாலும் அவன் இருக்கிற பக்கம் ஜெயித்தது. எதிராளி போகப்போகிற இடத்தில் அவன் முன்னாலேயே போய் நின்றான். பந்து கைக்கு வந்ததும் தன்னைவிட நல்ல இடத்தில் நிற்பவனுக்குத் தள்ளிவிட்டான். கைதட்டல் எல்லாம் அந்த இன்னொருவனுக்குப் போனது.

புதையலை எடுத்தாயிற்று, காப்பாற்ற வேண்டுமே! பட்டு மில் அணியின் மேனேஜர் கோவிந்தப்பா பயிற்சி நேரத்தில் மைதானத்து வேலியோரம் வெற்றிலை மென்றுகொண்டு நிற்பார். கஸ்தூரிரங்கன் யார் முதுகைத் தட்டிக் கொடுத்தாலும் அடுத்த மாதம் அவன் பட்டு மில்லில் இருப்பான். இரண்டு பேரைப் பறிகொடுத்த பிறகு கஸ்தூரிரங்கனுக்குப் புத்தி வந்தது. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டார். நாணு என்கிற தண்டச்சோற்றை வேலிக்குக் கேட்கும்படி புகழ்ந்து தள்ளினார். கோவிந்தப்பா நாணுவைத் தூக்கிக்கொண்டு போனார். கஸ்தூரிரங்கன் அன்றைக்கு வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனார்.

திட்டு முழுவதும் மைக்கேல்ராஜுக்கு. "உன்னை எந்த மடையன்டா டீம்ல சேர்த்தான்?" "எருமைக்குச் சொல்லிக் குடுத்திருந்தாக்கூட இதுக்குள்ள வந்திருக்கும்டா!" அவன் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு மறுபடி ஓடுவான். தனியாகக் கூப்பிட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பயல் முகம் மலர்ந்துவிடும், கோவிந்தப்பா அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று பயம். பர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

இப்போது ஆளையே காணோம். இது கோவிந்தப்பாவின் வேலைதான் என்று கஸ்தூரிரங்கன் சைக்கிளை மிதித்துக்கொண்டு மல்லேஸ்வரத்துக்குப் பறந்தார். கோவிந்தப்பா வழக்கமான ஹோட்டலில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எங்கேய்யா என் பையன்?"

"கூத்கொள்ளி ஸ்வாமி. உக்காந்து காப்பி சாப்பிடுங்க."

"காப்பி கிடக்கட்டும். என்ன ஆசை காட்டி இழுத்தீர்?"

கோவிந்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "இழுக்கத்தான் பாத்தேன், இல்லேன்னு சொல்லலை. போன வாரம் அவன் வீட்டுக்கே போனேன். நீங்க திட்டற திட்டுல நானும் ரொம்ப நாள் ஏமாந்துதான் போனேன். அப்புறம்தான் தோணிச்சு. இவ்ளோ மோசமா ஆடறவனை இந்த ஐயங்கார் ஒரு மேட்ச்லகூட வெளிய உக்கார வெக்கலியே, ஏன்?"

"அப்போ உங்க மில்லுலதான் இருக்கான்!"

"எங்க ஸ்வாமி! வேலை, குவார்ட்டர்ஸ் எல்லாம் தர்றேன்னேன். மாட்டேன்னுட்டான். 'எனக்கு ஆட வராது சார், எங்க சாரே தெனம் சொல்றாரு. தெரிஞ்சே உங்கள ஏமாத்தக் கூடாது'ன்னான். உங்களுக்கும் இனிமே பாரமா இருக்க மாட்டானாம். மச்சான்காரன் கோலார்ல இருக்கானாம், தங்கச் சுரங்கத்துல எறங்கப் போறேன்னான். இன்னிக்கு மத்தியானம் வண்டின்னு அப்பவே சொன்னான்."

கஸ்தூரிரங்கன் உட்காரவில்லை. வேலிக்கு வெளியே நின்றவனை ஏமாற்றப் போட்ட வேஷத்தை உள்ளே நின்றவன் ஒரு சொல் விடாமல் நம்பியிருக்கிறான். பாவி, இதை ஒருநாளாவது யோசித்தேனா என்று தன்னைத்தானே சபித்துக்கொண்டு சிட்டி ஸ்டேஷனுக்கு ஓடினார்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் மைக்கேல்ராஜ், பக்கத்தில் மடியில் குழந்தையோடு அவன் மனைவி ஜோசஃபின். இவரைப் பார்த்ததும் அவன் பதறி எழுந்தான்.

"இறங்குடா! உனக்கு வேலை பர்மனென்ட் ஆயிடுத்து!"

"அந்த எடத்துக்கு நல்லா ஆடறவனா ஒருத்தனப் போடுங்க சார். என்னை வச்சிக்கினு உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

ஜோசஃபின் புருஷனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார், நெசமாவே இவரு நல்லா ஆடுவாரா?"

"நல்லாவா! இந்த ஊர்லயே இவனை மாதிரி இன்னொருத்தன் கிடையாதும்மா. இவன் இல்லேன்னா என் டீமே இல்லை. நான் திட்டினதெல்லாம் பொய். வேற யாரும் கொத்திண்டு போயிடக் கூடாதேன்னு வேஷம் போட்டேன்." எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்த புகழ்ச்சியை எல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொட்டினார்.

மைக்கேல்ராஜ் முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். கண் கலங்கிவிட்டது. மனைவி பக்கம் திரும்பினான்.

"பாத்தியா, நான் சொல்லல? வாய்தான் அப்படி, மனசு தங்கம். பொண்டாட்டி எதுருல என் மானத்தைக் காப்பாத்தறாரு."

கார்டு விசில் ஊதினான். "டேய், சத்தியமா சொல்றேன்டா!" என்று கஸ்தூரிரங்கன் கத்தினார்.

"போதும் சார்" என்றான் அவன், அவர் கையைக் கம்பியிலிருந்து மெதுவாக விடுவித்தபடி. "என் யோக்கியதை எனக்குத் தெரியும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

வண்டி நகர்ந்தது. ஜோசஃபின் மட்டும் தலையை வெளியே நீட்டி, கண்ணுக்கு மறைகிற வரை அவரையே பார்த்துக்கொண்டு போனாள்.