கோழித் திருடன் கண்டுபிடித்த கலை

சுபாஷினி மலேசியாவின் ஈப்போவில் சீனப் பள்ளியில் படித்தவள். அப்பா அங்கே சேர்த்ததற்கு ஒரே காரணம், அது வீட்டுக்கு எதிரே இருந்தது. நாற்பத்தாறு வயதில், நியூசிலாந்தின் ஆக்லாந்தில், அந்தப் படிப்பு உதவிக்கு வந்தது. எல்லர்ஸ்லியில் இன்சூரன்ஸ் அலுவலக வேலை. மீதி நேரம் பல்கலைக்கழக ஆய்வு. பதினொரு வருடமாக அவள் பழகி, பிறருக்கும் பயிற்றுவித்துவந்த ‘மூங்கில் கை’ என்ற தென்சீனக் குத்துமுறையின் வரலாறுதான் ஆய்வுப் பொருள்.

மவுண்ட் வெல்லிங்டனில் அந்தக் கலையைக் கற்பிக்கும் பள்ளியை நடத்தியவன் லோ வெய் ஹோங். தந்தைக்குப் பிறகு பொறுப்பேற்றவன், அவளைவிட ஆறு வயது இளையவன். எரிந்த மடத்திலிருந்து தப்பிய ஒரு பெண் துறவி இந்தக் கலையை உருவாக்கினாள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைப்பது பெண்ணின் அடக்கமாம்.

2016-இல் பள்ளியின் முப்பதாம் ஆண்டு விழா மலருக்கு வரலாறு எழுதித் தரும்படி லோ அவளையே கேட்டான்.

அவள் அப்போது இந்தக் கலையைப் பற்றிய 1871-ஆம் ஆண்டுச் சீனக் கையெழுத்துப் பிரதி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். எழுதியவன் தன் ஆசானைப் பற்றி முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தான்: ‘ஆ லுக், கோழி திருடி உள்ளே வந்தவன். சிறையில், கையில் விலங்கோடு, இதை எனக்குக் கற்றுத் தந்தான்.’ துறவியையும் அவள் விடாமல் தேடினாள். 1934-இல் வந்த ஒரு பத்திரிகைத் தொடர்கதைக்கு முன்னால் துறவி எங்கும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவன் கிளமென்ட்டிடம் துப்பட்டாவைக் கொடுத்து மணிக்கட்டுகளைச் சேர்த்துக் கட்டச் சொன்னாள். விலங்கிட்டவன் போல, கலையின் அறுபத்திரண்டு அசைவுகளையும் வரிசையாகச் செய்துபார்த்தாள். இரண்டைத் தவிர எல்லாம் வந்தது.

கிளமென்ட் முடிச்சை அவிழ்த்தான். “இத அவங்ககிட்ட சொல்லப் போறியா? விட்டுடுலா. விழா நேரம்.”

“அந்தத் துறவிக்காகத்தான் நான் போய்ச் சேர்ந்தேன். என்னாலயே விட முடிஞ்சா அவங்களாலயும் முடியும்.”

லோ அவள் ஆங்கிலத்தில் எழுதித் தந்த கட்டுரையைப் படித்து மடித்து வைத்தான். கண்டனீஸ் மொழியில் சொன்னான்: “இது எங்க முன்னோருடைய வரலாறு. நீங்க இந்தியர். உங்களுக்கு எப்படிப் புரியும்?”

அவள் அந்தக் கையெழுத்துப் பிரதியின் படத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். “படிங்க, சீஃபூ.” ஆசானை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

நாலு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன் அவன். சீன எழுத்து படிக்கத் தெரியாது. அது இருவருக்கும் தெரியும். பக்கத்தை நெடுநேரம் பார்த்தான்.

“மாத்திக் கொடுங்க,” என்றான்.

“மாத்த மாட்டேன்.”

விழா விருந்தன்று மலர் வந்தது. உள்ளே துறவியின் கதை. அடியில் சுபாஷினியின் பெயர். கேடயம் வாங்க மேடைக்கு அழைத்தார்கள். அவள் கேடயத்தை மேசையில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

“மலர்ல இருக்கிறது நான் எழுதினது இல்ல. எழுதினத இப்ப படிக்கிறேன்.”

ஹாங்காங்கிலிருந்து வந்த விருந்தினர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். பாதியில் யாரோ மைக்கை அணைத்தார்கள். அவள் குரலை உயர்த்தி மீதியையும் படித்தாள். கடைசி வரியைத் தாளைப் பார்க்காமலே சொன்னாள்: “கையைக் கட்டிப்போட்டும் அடங்காத ஒருத்தனோட வாரிசுங்க நாம. எனக்கு அதுல வெட்கம் இல்ல.”

யாரும் கைதட்டவில்லை.

மறுவாரம் லோ தொலைபேசியில் அழைத்தான். மன்னிப்புக் கடிதம் தரவேண்டும், இல்லையென்றால் பள்ளிக்கு வரவேண்டாம். அவள் எழுதி அனுப்பினாள்: ‘சாப்பாடு ஆறிப்போனதற்குச் சமையல்காரர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதில் ஒரு சொல்லும் மாறாது.’

பதில் வரவில்லை. பள்ளிச் சுவரில் பயிற்சியாளர் வரிசையிலிருந்து அவள் படத்தை எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்ட அன்று, அலுவலகக் கார் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே போய் வேலையைப் பார்த்தாள்.

அடுத்த வருடம் ஆய்விதழில் கட்டுரை வெளிவந்தது. அதே மாதம் எப்சமில் ஒரு தேவாலய மண்டபத்தில் வகுப்பு தொடங்கினாள். முதல் நாள் ஐந்து பேர். அவர்களில் ஒருத்தி ராகவி, லோவின் பள்ளியில் பழகிய யாழ்ப்பாணப் பெண். கதவருகிலேயே தயங்கி நின்றாள்.

“லோ மாஸ்டர் பெர்மிஷன் தந்தவரோ, அக்கா?”

“நான் கேக்கல,” என்றாள் சுபாஷினி. “உள்ள வாங்க, நேரமாச்சு.”