விட்டுப்போன இரண்டு

விடைத்தாள் திருத்தும் கூடத்தில் நாற்பது பேர் குனிந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் கணக்கு டீச்சரின் சிவப்புப் பேனா மட்டும் பாதியில் நின்றது.

கேள்வி எளியதுதான். மேலே x² − 4, கீழே x² − x − 2. இந்தக் கோவையில் x எந்த மதிப்புகளை எடுக்கக் கூடாது? விடைக்குறிப்பில் ஒரே விடை: −1. தாளில் யாரோ ஒரு பிள்ளை 2, −1 என்று இரண்டையும் எழுதியிருந்தது.

டீச்சர் கீழே 2ஐப் போட்டுப் பார்த்தார். நாலில் இரண்டு போனது, இன்னும் இரண்டு போனது, பூஜ்யம். பூஜ்யத்தால் எப்படி வகுப்பது? குறிப்பு எழுதியவர் மேலும் கீழும் பொதுவாக இருந்த (x − 2)ஐ முதலிலேயே அடித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

காலையில் முடித்துக் கொடுத்த விடைத்தாள் கட்டில், இப்படி எழுதிய ஏழு பேருக்கு இரண்டு மதிப்பெண்ணில் ஒன்றை டீச்சரே வெட்டியிருந்தார்.

குறிப்பை எழுதியவர் தலைமைத் திருத்துநர். நேரில் சார், முதுகுக்குப் பின்னால், மதிப்பெண்ணை வெட்டித் தள்ளுவதால், கத்தரி.

"சார், எட்டாவது கேள்விக்கு விடை தப்பா இருக்கு."

"மணி மூணரை. அஞ்சுக்குக் கட்டெல்லாம் ஏத்த வண்டி வந்துடும். குறிப்புல உள்ளபடி போடுங்க டீச்சர்."

"2 போட்டா கீழ பூஜ்யம் வருது சார்."

"அதான் அடிபட்டுப் போச்சே!"

"அடிக்கறதுக்கு முன்னாடி உள்ளதைத்தானே கேட்டிருக்கோம்?"

தலைகள் நிமிர்ந்தன. கத்தரியின் காது மடல் சிவந்தது. "எனக்கே பாடமா? கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்புங்க."

டீச்சர் நகரவில்லை. "ஏழு பேருக்கு நானே தப்பாக் குறைச்சிருக்கேன் சார். அதைச் சரிபண்ணாம கையெழுத்துப் போட மாட்டேன்."

பின்வரிசையில் ஒருவர் மெதுவாக எழுந்தார். "எங்கிட்டயும் அப்படிக் குறைச்சது பதினொண்ணு இருக்கு சார்."

கத்தரி விருட்டென்று கரும்பலகைக்குப் போனார். கேள்வியை எழுதி 2ஐப் போட்டார். மேலே பூஜ்யம். கீழேயும் பூஜ்யம். சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். பிறகு கைபேசியை எடுத்தார்.

"வண்டி இப்ப வேண்டாம். ஆமா, தப்பு என்னோடதுதான்."

கட்டுகளைப் பிரித்தார்கள். டீச்சருக்கு ஆறு தாள்கள் உடனே அகப்பட்டன. ஏழாவது வரவில்லை. மறுபடி முதலிலிருந்து புரட்டினார். இரண்டு தாள்கள் நூல் சிக்கி ஒன்றுக்குள் ஒன்று போயிருந்தன. அவற்றைப் பிரித்து, ஏழாவது தாளில் அந்தக் கேள்விக்குப் போட்டிருந்த ஒன்றை அடித்து இரண்டு என்று போட்டார். முகப்பில் மொத்தம் முப்பத்துநாலு என்று இருந்தது. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும்.

டீச்சர் அந்த முப்பத்துநாலை அடித்துவிட்டு, பக்கத்தில் முப்பத்தைந்து என்று நிதானமாக எழுதினார்.