அசையாத புள்ளி

பருப்பு மூட்டை அடுக்குச் சரிந்த சத்தத்தில் அலுவலகக் கண்ணாடி அதிர்ந்தது. பிரசாந்தியின் கண் தன்னாலே கணினித் திரைக்குப் போனது.

துறைமுகத்தில் இறங்கும் சரக்கை வைக்கிற களஞ்சியம் அது. உள்ளே வேலை செய்கிற எல்லோருடைய மேலங்கியிலும் பொத்தான் அளவு டேக் ஒன்று குத்தியிருக்கும். கூரையில் பூட்டிய கருவிகள் அதன் சமிக்ஞையைப் பிடித்து, யார் எந்த அடுக்குக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று பச்சைப் புள்ளியாகக் காட்டும். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு அந்தத் திரையைக் கவனிப்பதுதான் அவள் வேலை.

இப்போது புள்ளிகளெல்லாம் வாசலை நோக்கி ஓடின. ஒன்று மட்டும் சரிந்த அடுக்கின் நடுவே அசையாமல் நின்றது. அதற்கு மேலே ஆனந்தராசா என்று எழுதியிருந்தது. அவளுடைய அப்பா.

செருப்புக் கழன்றதும் தெரியாமல் ஓடினாள். புழுதியில் ஆள் முகம் தெரியவில்லை. "நஸ்ரி நானா, அப்பா உள்ளுக்க! சுவர்ப் பக்கம், கடைசி அடுக்கு!"

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற நஸ்ரி இறங்கி வந்தான். "மெசினை விட்டா மத்ததும் சரியும். கையால எடுங்க!"

ஆட்கள் மூட்டைகளை இழுத்து இழுத்துக் கை மாற்றினார்கள். அவளும் நகம் பிய்ய இழுத்தாள். அவளுக்கு இந்த வேலை கிடைத்ததைச் சல்லிக் கிராமம் முழுக்கச் சொல்லித் திரிந்த மனிதர், கொஞ்ச நாளாக அவள் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. ஏனென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

செம்மஞ்சள் மேலங்கியின் கை வெளியே தெரிந்தது. அவள் முழந்தாளில் விழுந்தாள். நஸ்ரி மெல்லப் பிடித்து இழுத்தான். மேலங்கி மட்டும் வந்தது. அதில் டேக் குத்தியபடியே இருந்தது. கீழே வெறும் சீமெந்து.

"என்ன பிள்ளை தேடுறாய்?"

பின்கதவால் வந்த அப்பா ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றார். அங்கே ஜெனரேட்டர் இரைச்சலில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. எழும்ப முடியாமல் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு திரும்பவும் அழுதாள்.

மற்றவர்கள் விலகிப்போன பிறகுதான் கேட்டாள். "ஏனப்பா இதைக் கழட்டினீங்கள்?"

அவர் சுவரைப் பார்த்தார். "சீனி வருத்தமாம். அடிக்கடி ஒண்டுக்குப் போகவேண்டிக் கிடக்கு. ஒவ்வொருக்காவும் நீ திரையில பாத்துக்கொண்டு இருப்பாய் எண்டு... வெக்கமாக் கிடந்தது பிள்ளை. அதுதான் மூட்டையில கொழுவிப்போட்டுப் போறனான்."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"உன்னட்டச் சொல்லத்தான் ஏலாமல் இருந்தது."

"மருந்து எடுக்கிறீங்களோ?"

"ஓம். மருந்து ஒழுங்கா எடுக்கிறன்."

மேலாளர் சோமசேகரம் மூச்சிரைக்க வந்தார். ஆளை முழுசாகக் கண்டதும் நெற்றியைத் துடைத்தார். "அப்ப உங்கட திரை பொய் சொல்லுதோ பிரசாந்தி?"

"இல்லை சேர். டேக் இருந்த இடத்தைத்தான் காட்டினது."

அவர் அதற்கு மேலே கேட்பதற்குள் அலுவலகத் தொலைபேசி அடித்தது. போய்விட்டார். அப்பாவும் மகளும் ஒரு மூட்டையில் ஒட்டி உட்கார்ந்தார்கள்.

ஓடியவர்கள் திறந்துபோட்ட படலையால், அந்த ஊர்த் தெருக்களில் எப்போதும் மாடுகள் போலத் திரிகிற புள்ளிமான்கள் உள்ளே வந்திருந்தன. கொட்டிக் கிடந்த சிவப்புப் பருப்பை ஒன்று மோந்து பார்த்து, நக்கத் தொடங்கியது. யாரும் துரத்தவில்லை. வாயெல்லாம் சிவப்புத் தூளோடு அது ஒருதரம் நிமிர்ந்து இருவரையும் பார்த்துவிட்டு, மறுபடி தலையைக் குனித்தது.