ஒத்திகை அறிக்கையின் முதல் பக்கம்

எமில்டா அந்த அறிக்கையை எழுத உட்கார்ந்தாள். முல்லைத்தீவுக் கரையில் நண்டுச் சதை பதனிடும் தொழிற்சாலையில் பாதுகாப்புக்குப் பொறுப்பானவள் அவள். திங்கட்கிழமை புதிய குளிர் அறைக்கு அமோனியா வாயு நிரப்பப் போகிறார்கள். அதற்கு முன் வைத்த ஆபத்து ஒத்திகை எப்படிப் போனது என்று கொழும்பு நிர்வாகம் கேட்டிருந்தது. திருப்தி என்று எழுதினால் நிரப்புவார்கள். இல்லையென்றால் தள்ளிப்போடுவார்கள்.

எங்கே திருப்தி! வாயு கசிந்தால் சைரன் ஊதும், உடனே வெளியே ஓடுங்கள், குளிர்ந்த வாயு முதலில் நிலத்தோடுதான் பரவும் என்று கொழும்புப் பொறியியலாளர் படம் போட்டுக் காட்டிவிட்டுப் போனார். நண்டு உடைக்கும் பெண்களும் நன்றாகத் தலையாட்டினார்கள். மறுநாள் சைரன் ஊளையிட்டு எழும்பியதும் ஒருத்திகூட ஓடவில்லை. கையிலிருந்த கத்தியை எறிந்துவிட்டு அத்தனை பேரும் குப்புறப் படுத்துவிட்டார்கள். காதைப் பொத்தி, வாயைத் திறந்து, சண்டைக் காலத்தில் கிபிர் விமானம் இதே ஊளையோடு குண்டு போட வரும்போது படுத்த அதே படுக்கை. அந்தக் காலம் நினைவில்லாத இளம் பெட்டைகளும் பெரியவர்களைப் பார்த்துப் படுத்தார்கள். சுவிட்சை அழுத்தியது தானே என்பதால்தான் எமில்டா நின்றாள், அது தைரியமல்ல. குளிர் அறைக் கதவடியில் படுத்துக் கிடந்தது, அங்கேயே நண்டு உடைக்கும் அவளுடைய அம்மா புனிதம்.

"எங்கடை பேரை மட்டும் எழுதிப்போடாதை பிள்ளை," என்றாள் அம்மா பிறகு. "அந்த நாளிலை கடதாசியிலை பேர் குடுத்துப் பட்டது போதும்."

அந்தப் பயம் எமில்டாவுக்கும் ஊறிப்போனதுதான். ஆகவே முதலில் நாலு பக்கம் எழுதினாள். தொடக்கத்தில் வணக்கமும் நன்றியும், பிறகு பயிற்சி வகுப்பின் அருமை பெருமை, கடைசிப் பக்கத்தின் அடியில் 'சில ஊழியர்கள் வெளியேறுவதில் தாமதம் ஏற்பட்டது' என்று ஒரு வரி. வம்பில் மாட்டாமல் எழுதுவதில் இந்தப் பக்கத்து ஆட்களை யாரும் அடிக்க முடியாது. ஆனால் கொழும்பில் முதல் பக்கத்துக்கு மேல் யார் புரட்டப் போகிறார்கள்? வாயு நிரப்புவார்கள். ஒருநாள் கசியும். சைரன் ஊதும். அம்மா படுப்பாள், வாயு நேரே அவள் மூக்குக்குத்தான் வரும். எமில்டா நாலு பக்கத்தையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

'சைரன் ஊதினால் எங்கள் ஊழியர்கள் ஓடமாட்டார்கள், படுப்பார்கள். வாயு கசிந்தால் படுத்த இடத்திலேயே இறப்பார்கள். சைரனைக் கழற்றி மணி பொருத்துங்கள். மணிக்கு ஓடப் பழகும்வரை வாயு நிரப்பவேண்டாம்.' அதன் கீழே என்ன நடந்தது, ஏன் நடந்தது. ஒரே பக்கம்.

முகாமையாளர் டினோஜன் பக்கத்துத் தர்மபுரத்துக்காரர். ஒத்திகை அன்று கொழும்பில் கூட்டத்தில் இருந்தவர். எமில்டாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கணினியில் அந்தப் பக்கத்தை வாசித்ததும் முகம் கறுத்துவிட்டது.

"என்ன எமில்டா, கிபிர் எண்டெல்லாம் எழுதியிருக்கிறியள். இது ஆரின்ரை கைக்குப் போகுமெண்டு தெரியுமோ?"

"தெரியும் சேர். பயமாத்தான் கிடக்கு."

"சண்டை முடிஞ்சு எத்தினை வருசம்! சனம் இன்னும் படுக்குதெண்டா சிரிப்பாங்கள். திருப்தி எண்டு மாத்துங்கோ. இல்லாட்டி இந்தப் பொறுப்புக்கு நான் வேறை ஆளைத்தான் பாக்கவேணும்."

வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது? "என்ரை அம்மா அந்தக் கதவடியிலைதான் சேர் படுத்துக் கிடந்தவா," என்று மட்டும் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதியதற்கு மேலே தானே தட்டத் தொடங்கினார்.

அப்போது சைரன் ஊதியது.

அடுத்து எமில்டாவுக்குத் தெரிந்தது கன்னத்தில் பட்ட தரையின் குளிர்தான். எப்போது விழுந்தாள் என்று தெரியாது. மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள். நெஞ்சு தரையில் அடித்தது. வாயு இன்னும் நிரப்பவே இல்லையே என்பது மெல்ல மெல்லத்தான் ஞாபகத்துக்கு வந்தது. நண்டு உடைக்கும் கூடத்திலிருந்து, ஓடுகிற ஒரு காலடிச் சத்தமும் கேட்கவில்லை.

சைரன் நின்றது. "பயப்பிடாதேங்கோ! வயர் மாத்தினனான், ஊதிப் பாத்தது!" என்று வெளியே மின்னியலாளர் ஜெனுசன் கத்தினார்.

எமில்டா தலையைத் தூக்கினாள். மேசைக்குக் கீழே, இஸ்திரி போட்ட சட்டையோடு, டினோஜன் குப்புறக் கிடந்தார். இரண்டு கையும் காதில். வாய் திறந்தபடி.

"சேர், முடிஞ்சுது."

அவர் காதிலிருந்து கையை எடுத்தார். பிறகு எழும்பி மேசைக்காலில் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"அனுப்புங்கோ," என்றார்.

"எதைச் சேர்?"

"நீங்கள் எழுதினதை. ஒரு எழுத்தும் மாத்தாதேங்கோ." இருந்த இடத்திலிருந்தே கணினியைக் காட்டினார். "சனத்தின்ரை பேர் வேண்டாம். ஆராவது கேட்டாங்களெண்டா காட்ட, படுத்த ஆள் எண்டு ஒரு பேர் போடுங்கோ. என்ரை பேரைப் போடுங்கோ."

எமில்டா கதிரையில் உட்கார்ந்து, அவர் தட்டியிருந்த 'ஒத்திகை திருப்' என்ற பாதியை அழித்தாள். பக்கத்தின் அடியில் அவருடைய பெயரைத் தட்டினாள். அவர் இன்னும் தரையில்தான் இருந்தார்.